சங்க அலுவலகத்தில் கணினித் தொடர்பு: கம்பி வழியும் காற்று வழியும்

சில மாதங்களுக்கு முன்னர், ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திற்கு ஆய்வின் பொருட்டுச் சென்றிருந்தேன். பயிர்க்கடன் புதுப்பிக்கும் காலம். காலை பதினொரு மணி அளவில் திண்ணையிலும் வேப்ப மரத்தடியிலுமாக முப்பது அங்கத்தினருக்குக் குறையாமல் அமர்ந்திருந்தனர். உள்ளே எழுத்தர் கணினியின் முன் கைகட்டி உட்கார்ந்திருந்தார். "நெட் இல்லை ஐயா. லைன்காரர்களுக்கு மூன்று முறை போன் செய்துவிட்டோம். லைன் சரியாகத்தான் இருக்கிறது என்கிறார்கள்" என்றார். வெளியே இருந்த முதியவர் ஒருவர் அதனைக் கேட்டுக்கொண்டிருந்தார். "தம்பி, முன்னே பேரேடு பீரோவுக்குள் இருந்தது. பீரோச் சாவி தொலைந்தால்தான் கடன் நின்றது. இப்போது எதைத் தேடுவது என்றே தெரியவில்லையே" என்றார் அவர்.

தேடிப் பார்த்தோம். பின்னறையில் சுவரோரம் ஒரு சிறு பெட்டி இருந்தது. கணினிகளின் கம்பிகள் யாவும் அதில்தான் வந்து சேர்ந்தன. அதன் விளக்குகள் ஒன்றுகூட எரியவில்லை. அப்பெட்டிக்கு மின்சாரம் தரும் செருகியை யாரோ பிடுங்கிவிட்டு, அவ்விடத்தில் தம் கைப்பேசியை மின்னேற்றம் செய்ய மாட்டியிருந்தார். செருகியை மீண்டும் மாட்டியதும் ஒரு நிமிடத்தில் எல்லாம் இயங்கிற்று. அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் திரும்பிப் போய்விட்டனர். அவர்களுள் ஒரு அம்மையார் இரண்டு பேருந்து மாறி வந்தவர் என்று பின்னர் அறிந்தேன்.

எழுத்தர் மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணினியில் வரவு செலவு பதியும் முறையை அவருக்குப் பயிற்றுவித்தவர்கள், அக்கணினி வெளியுலகோடு எவ்வாறு பேசுகிறது என்பதைப் பயிற்றுவிக்கவில்லை. எனக்கும் எவரும் பயிற்றுவிக்கவில்லை. தேவை நேர்ந்தபோது கேட்டும் படித்தும் அறிந்துகொண்டவற்றை, நம் சங்கங்களில் பணிபுரிவோருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் பயன்படுமாறு ஈண்டு எழுத முற்படுகிறேன்.

இதன் அவசியம் ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகிறது. நாட்டிலுள்ள சுமார் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் வழங்கியது. இத்தகைய முறையில் சங்கத்தின் கணக்கு சங்கக் கட்டடத்துக்குள் இருப்பதில்லை. தொலைவிலுள்ள சர்வர் எனப்படும் பெருங்கணினியில் இருக்கிறது. ஆகவே தொடர்பு அறுந்தால் கணக்குப் புத்தகமே கையைவிட்டுப் போனதற்கு ஒப்பாகும். நெசவாளர் சங்கங்களிலும் நூல் இருப்பு, கூலிப் பட்டியல், விற்பனை ஆகியன இவ்வழியே சென்றுகொண்டிருக்கின்றன.

இரண்டு வலைகள்

'நெட்' என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது உண்மையில் ஒரே பொருள் அன்று. சங்கக் கட்டடத்துக்குள் நம் கணினிகளையும் அச்சுப்பொறியையும் ஒன்றோடொன்று இணைக்கும் உள்வலை ஒன்று. கட்டடத்துக்கு வெளியே உலகெங்கும் பரந்து கிடக்கும் புறவலை மற்றொன்று. புறவலையைத்தான் இன்டர்நெட் என்கிறோம். உள்வலை நம் உடைமை. அதன் பழுதை நாமே பார்க்க வேண்டும். புறவலைக்கு நாம் மாதக் கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளரே ஆவோம். இரண்டுக்கும் இடையில் வாயிற்காவலன்போல் நிற்கும் கருவிக்கு ரவுட்டர் என்று பெயர். நான் மேலே கூறிய சங்கத்தில் லைன்காரர் சொன்னது முற்றிலும் உண்மை. புறவலை நன்றாகவே இருந்தது. உள்வலைதான் செத்துக் கிடந்தது.

பின்னறையிற் கிடந்த அச்சிறு பெட்டியின் பெயர் சுவிட்ச். விளக்குப் போடும் சுவிட்சோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. ஒரு கணினியிலிருந்து வரும் செய்தி எந்தக் கணினிக்கு உரியது என்று பார்த்து, அதற்குரிய துளைவழியே மட்டும் அனுப்புவது அதன் தொழில். சிறிய அலுவலகங்களில் ரவுட்டரிலேயே நான்கு துளைகள் கொண்ட சுவிட்ச் அமைந்திருக்கும். கணினிகள் மிகும்போது தனிப்பெட்டி வேண்டியதாகிறது. கண்ணாடி இழைவழியே இணைப்புப் பெறும் சங்கங்களில், இழையில் வரும் ஒளியை மின்குறியாக மாற்றும் மற்றொரு பெட்டியும் உண்டு. பல இடங்களில் அதுவும் ரவுட்டரும் ஒரே பெட்டியாகவே வருகின்றன.

இவற்றின் வழியே செய்தி எவ்வாறு செல்கிறது? ஒரு பெரிய பேரேட்டை அஞ்சலில் அனுப்ப வேண்டும், ஆனால் அஞ்சலகம் சிறு உறைகளை மட்டுமே ஏற்கும் என்று வைத்துக்கொள்வோம். பேரேட்டின் ஏடுகளைப் பிரித்து, ஒவ்வோர் உறையிலும் ஒன்றிட்டு, உறைமேல் பெறுநர் முகவரி, அனுப்புநர் முகவரி, வரிசை எண் ஆகியவற்றை எழுதி அனுப்புவோம். உறைகள் வெவ்வேறு ஊர்கள் வழியாகப் போகலாம். முன்பின்னாகவும் சேரலாம். பெறுபவர் வரிசை எண்ணைப் பார்த்து அடுக்கிக்கொள்வார். காணாமற் போன உறையை மட்டும் மீண்டும் கேட்டு வாங்கிக்கொள்வார். கணினிகள் செய்வது இதுவே. ஓர் உறை பெரும்பாலும் 1,500 பைட்டுகள் கொள்ளும். ஆங்கில எழுத்தாயின் ஏறத்தாழ 1,500 எழுத்துகள் அடங்கும். தமிழில் ஒவ்வொரு எழுத்துக் குறியும் பெரும்பாலும் மூன்று பைட்டு இடம் கொள்வதால், நம் செய்திக்கு உறைகள் சற்று அதிகம் வேண்டும். அதனால் தமிழிற் பதிவதைக் கைவிட வேண்டியதில்லை. இன்றைய வேகத்தில் அது ஒரு பொருட்டே அன்று.

இந்த உறை முறையை 1960-களில் அமெரிக்காவில் பால் பாரனும் இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸும் தனித்தனியே சிந்தித்தனர். இம்முறையில் அமைந்த ஆர்ப்பாநெட் என்னும் வலையில் 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள், லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகக் கணினியிலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையக் கணினிக்கு முதற் செய்தி அனுப்பப்பட்டது. 'லாகின்' என்னும் சொல்லை அனுப்ப எண்ணினர். முதல் இரண்டு எழுத்துகள் போனதும் அப்பாலுள்ள கணினி நின்றுவிட்டது. இணைப்பு அறுந்து எரிச்சலுறும் நம் எழுத்தர்கள் இதனை அறிந்தால் சற்று ஆறுதல் அடையக்கூடும்.

உறைமேல் எழுதும் முகவரியை ஐ.பி. முகவரி என்பர். இன்னும் பெருவழக்கில் உள்ள முறையில் அது 0 முதல் 255 வரையுள்ள எண்கள் நான்கால் ஆனது. சங்கத்துக்குள் உள்ள கணினிகள் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் எண்களைப் பெற்றிருக்கும். இவை உள்வலைக்கு மட்டுமே உரியவை. 'மேலத்தெரு, 4-ஆம் எண்' என்பது எல்லா ஊரிலும் இருப்பதுபோல், இதே எண்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கும். வெளியே செல்லும் உறையில் ரவுட்டர் நம் உள்முகவரியை நீக்கிவிட்டுத் தன் வெளிமுகவரியை இடும். பதில் வந்தவுடன் அது எந்தக் கணினி கேட்டது என்று நினைவு வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கும். கணினியை இயக்கியவுடன் அதற்கு ஓர் எண்ணை வழங்குவதும் ரவுட்டரே. இதில் நமக்கு ஒரு பெரிய உதவி உண்டு. விண்டோஸ் கணினி ஒன்று ரவுட்டரை அடைய இயலாதபோது, தானே 169.254 என்று தொடங்கும் எண்ணைச் சூட்டிக்கொள்ளும். அவ்வெண்ணைக் கண்டால் லைன்காரரைக் கூப்பிடுமுன் நம் கம்பியையும் சுவிட்சையும் பார்க்க வேண்டும் என்று அறியலாம்.

முறுக்கிய கம்பி

கணினியையும் சுவிட்சையும் இணைக்கும் கம்பியைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே எட்டு மெல்லிய செப்புக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு இணைகளாக இருக்கக் காணலாம். முறுக்கு எதற்கென்று நெசவாள அன்பர்கள் கேட்பர். நூலுக்கு முறுக்கு வலிமை தருகிறது. இங்கு முறுக்கு, இரைச்சலை ஒழிக்கிறது. அருகிலுள்ள மின்கம்பியும் மோட்டாரும் எழுப்பும் மின்காந்தத் தொல்லை, முறுக்கிய இரு கம்பிகளையும் ஏறத்தாழச் சமமாகத் தாக்கும். பெறும் கருவி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்வதால், சமமாக ஏறிய தொல்லை கழிந்துவிடுகிறது. ஆகவே முனையில் இணைப்பான் பொருத்தும்போது முறுக்கை வேண்டுமளவுக்கு மேல் பிரித்துவிடுதல் தவறு. உள்ளூரில் மலிவாகச் செய்துதரும் வேலைகளில் இப்பிழையை அடிக்கடி காண்கிறேன்.

இக்கம்பி 100 மீட்டர் நீளம் வரை செல்லலாம். அதற்கு மேல் சென்றால் செய்தி நம்பகமாகப் போகாது. மின்சாரக் கம்பியோடு சேர்த்து ஒரே குழாயில் இழுக்கலாகாது. எலியும் நாற்காலிக் காலும் இதன் பகைவர். மற்றபடி கம்பி மிக விசுவாசமான பணியாள். ஒருமுறை ஒழுங்காக இழுத்துவிட்டால் பத்தாண்டுக்கும் மேலாக முறையிடாமல் உழைக்கும். பணம் கொடுத்து வாங்கும் மேசைக் கணினியைக் காற்றுவழித் தொடர்பில் விட்டுவைப்பது என் கருத்தில் தவறான சிக்கனம். நகராத கணினிக்குக் கம்பியே தக்கது.

காற்று வழி

வைஃபை என்று நாம் வழங்கும் கம்பியில்லாத் தொடர்பு, வானொலியின் உறவினமே. கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் 1890-களில் மில்லிமீட்டர் அளவிலான குறுகிய மின்காந்த அலைகளை உண்டாக்கிச் சுவரைக் கடந்து செலுத்திக் காட்டினார். அதே இனத்தைச் சேர்ந்த அலைகளே நம் ரவுட்டரின் கொம்புகளிலிருந்து வெளிப்படுகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரு பட்டைகள் பெருவழக்கில் உள்ளன. முதலதன் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர், இரண்டாவதன் அலைநீளம் 6 சென்டிமீட்டர். நீளமான அலை சுவரை ஓரளவு கடக்கும். ஆனால் அப்பட்டையில் நெரிசல் மிகுதி. குறுகிய அலை விரைவாகச் செய்தி சுமக்கும். ஆனால் இரண்டாவது சுவரிலேயே களைத்துவிடும். நம் நாட்டில் 2.4 பட்டையை 2005-ஆம் ஆண்டிலும், 5 பட்டையின் பெரும்பகுதியை 2018-ஆம் ஆண்டிலும், குறித்த ஆற்றல் வரம்புக்கு உட்பட்டு, உரிமம் இன்றி எவரும் கட்டடத்துக்கு வெளியிலும் பயன்படுத்த அரசு அனுமதித்தது.

கம்பிக்கும் காற்றுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு ஒன்றே. கம்பி ஒருவருக்கு உரியது, காற்று எல்லாருக்கும் பொது. ஊர்ப் பொதுக்கிணற்றில் ஒரே வாளி இருப்பதாகக் கொண்டால் நிலைமை விளங்கும். ஒரே பட்டையில் ஒருவர் பேசும்போது அடுத்தவர் வாய்மூடி இருக்க வேண்டும். இருவர் ஒருசேரப் பேசினால் இருவர் செய்தியும் கெடும்.

இச்சிக்கலை முதன்முதல் பெரிய அளவில் எதிர்கொண்டவர்கள் ஹவாய்த் தீவுப் பல்கலைக்கழகத்தார். தீவுகளுக்கிடையே கடல். தொலைபேசிக் கம்பியோ நம்பத்தக்கதாக இல்லை, செலவும் மிகுதி. நார்மன் ஆப்ராம்சன் தலைமையிலான குழு 1971-ஆம் ஆண்டு அலோஹாநெட் என்னும் ரேடியோ வலையை இயக்கியது. அதன் விதி மிக எளியது. செய்தி இருந்தால் உடனே அனுப்பு. பெற்றுக்கொண்டதாகப் பதில் வராவிட்டால், மோதிவிட்டது என்று கொண்டு, சிறிது நேரம் பொறுத்து மீண்டும் அனுப்பு. எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதை ஒவ்வொருவரும் குருட்டாம்போக்கில் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாரும் ஒரே அளவு பொறுத்தால் மீண்டும் மோதுவர் அல்லவா? இம்முறையில் வழியின் கொள்ளளவில் ஏறக்குறைய 18 விழுக்காட்டுக்கு மேல் பயன்படுத்த இயலாது என்பது கணக்கில் தெரியவந்தது. எனினும் அவ்வித்தே முளைத்தது. ராபர்ட் மெட்காஃப் 1973-ஆம் ஆண்டு கம்பிவழி ஈதர்நெட் முறையை வகுத்தபோது இதனையே அடிப்படையாகக் கொண்டு, பேசுமுன் 'வேறு எவரேனும் பேசுகிறாரா' என்று செவிமடுக்கும் வழக்கத்தையும் சேர்த்தார். இன்றைய வைஃபையும் செவிமடுத்து, சிறிது பொறுத்து, பின்னரே பேசுகிறது. அதன் முதல் நியமம் 1997-ஆம் ஆண்டு வெளிவந்தபோது வேகம் வினாடிக்கு 2 மெகாபிட் மட்டுமே.

இதிலிருந்து நமக்கு நேரடியாகப் பயன்படும் உண்மை ஒன்று உண்டு. ரவுட்டருக்கு அருகிலுள்ள கருவி விரைவாகப் பேசி முடித்துவிடும். தொலைவில், இரண்டு சுவருக்கு அப்பால், மெல்லிய அலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் கைப்பேசி, அதே அளவு செய்தியை மிக மெதுவாகவே பேச இயலும். அது பேசி முடிக்கும்வரை அருகிலுள்ளவரும் காத்திருக்க நேரும். அதாவது கிடங்கின் கடைக்கோடியில் ஒருவர் படம் பார்த்தால், முன்மேசைக் கணினி தடுமாறும். 'வேகம் போதவில்லை' என்று தீர்மானம் இயற்றி, அதிகக் கட்டணத் திட்டத்துக்கு மாறிய சங்கம் ஒன்றைக் கண்டேன். வாங்கிய வேகம் ரவுட்டர் வரை வந்து நின்றது. குறை காற்றில் இருந்தது. பணம் மாதந்தோறும் போயிற்று. 100 மெகாபிட் என்று விளம்பரத்தில் சொல்லப்படுவது வினாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட் ஆகும், ஏனெனில் எட்டு பிட்டுகள் சேர்ந்ததே ஒரு பைட்டு. கடன் கணக்குப் பதியும் பணிக்கு அதில் சிறு பகுதியே போதும்.

ரவுட்டரை எங்கு வைப்பது என்பதும் கருதத்தக்கது. இரும்பு பீரோவின் பின்னாலும், மேசைக்கு அடியிலும், தண்ணீர்த் தொட்டிக்கு அருகிலும் வைத்திருக்கக் காண்கிறேன். உலோகம் அலையைத் திருப்பிவிடும். நீர் அதனை உறிஞ்சும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய கனத்த சுவரும் அவ்வாறே. தலைக்கு மேல் உயரத்தில், அலுவலகத்தின் நடுவில், திறந்த இடத்தில் வைத்தல் நன்று. தடையற்ற வெளியில்கூட, தொலைவு இரு மடங்கானால் அலையின் வலிமை நான்கில் ஒன்றாகிவிடும். 2.4 பட்டையில் 13 தடங்கள் உண்டு. ஆனால் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பவை. 1, 6, 11 ஆகிய மூன்றையே தம்முள் மோதாமல் பயன்படுத்தலாம். பக்கத்துக் கடையும் நாமும் ஒரே தடத்தில் இருந்தால் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

தேனியில் கண்டது

வைஃபை ஓர் அறைக்குள் மட்டும் எட்டும் என்று எண்ண வேண்டா. அலையை எல்லாத் திசையிலும் சிதறவிடாமல், ஒரே திசையில் குவிக்கும் கொம்புகளை இரு முனையிலும் உயரத்தில் நிறுத்தி, இடையில் மரமோ குன்றோ மறைக்காமற் பார்த்துக்கொண்டால், பல கிலோமீட்டர் தொலைவைக் கடக்கலாம். இதனை மெய்ப்பித்த இடங்களுள் நம் தேனி ஒன்று. 2000-களின் நடுப்பகுதியில், தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றியுள்ள ஊர்களின் பார்வை மையங்களோடு, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் இம்முறையில் இணைத்தனர். இணைப்புகளின் தொலைவு 1 முதல் 15 கிலோமீட்டர் வரை. ஊரிலிருக்கும் நோயாளி மருத்துவரோடு திரையிற் பார்த்துப் பேசினார். அதனால் எல்லாரும் நகரத்துக்குப் பயணம் போக வேண்டியிருக்கவில்லை.

அவர்கள் சந்தித்த முதல் தடை, வைஃபையின் பழக்கமே. ஒவ்வோர் உறைக்கும் 'பெற்றேன்' என்னும் பதிலை எதிர்பார்க்கும் அக்கருவி, சிறிது நேரமே பொறுத்திருக்கும். 15 கிலோமீட்டர் சென்று திரும்ப அலைக்கு வினாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமாகிறது. அதற்குள் கருவி பொறுமை இழந்து, உறை தொலைந்துவிட்டதென்று மீண்டும் அனுப்பும். ஆய்வாளர்கள் அவ்வழக்கத்தை மாற்றி, இரு முனைகளும் முறைவைத்துப் பேசுமாறு செய்தனர்.

இரண்டாவது தடை நமக்கெல்லாம் நன்கு அறிமுகமானது. அவர்கள் 2008-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், கருவிகள் கெட்டதற்குப் பெருங்காரணம் அலையன்று, மின்சாரம் என்று கண்டனர். கிராமத்து மின்கம்பியில் 500 வோல்ட்டையும் தாண்டிய வீச்சுகளை அளந்து எழுதியுள்ளனர். பழுதை உள்ளூர்ப் பணியாளரே இனங்காணப் பயிற்றுவிப்பதன் அவசியத்தையும் அவர்கள் வலியுறுத்தினர். நம் சங்கங்களில் கணினிக்கு மட்டும் யு.பி.எஸ். வைத்து, ரவுட்டரையும் சுவிட்சையும் சுவரின் செருகியில் விட்டுவிடுகிறோம். மின்சாரம் போனால் கணினி எரிந்துகொண்டிருக்கும், தொடர்போ இறந்துவிடும். இச்சிறு பெட்டிகள் கொள்ளும் மின்சாரம் மிகக் குறைவு. அவற்றையும் யு.பி.எஸ்.ஸில் சேர்ப்பதற்குச் சங்கம் பெருஞ்செலவு செய்ய வேண்டியதில்லை.

பூட்டு

காற்றில் பேசுவதை எவரும் கேட்கலாம். ஆதலால் செய்தியை மறைமொழியாக்கி அனுப்புவர். முதலில் வந்த டபிள்யூ.இ.பி. என்னும் பூட்டின் உட்பலவீனம் 2001-ஆம் ஆண்டிலேயே வெளிப்பட்டுவிட்டது. அதனை இன்றும் வைத்திருப்பது கதவுக்குக் கயிறு கட்டுவது போலாகும். 2004-இல் வந்த டபிள்யூ.பி.ஏ. 2, அல்லது 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ. 3 இருக்கிறதா என்று ரவுட்டர் பொருத்துபவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுதல் வேண்டும்.

பூட்டு நல்லதாயினும் சாவி கெட்டதாக இருந்தால் என்ன பயன்? நான் பார்த்த ஒரு சங்கத்தில் கடவுச்சொல், சங்கத்தின் பெயரும் பதிவு எண்ணும் சேர்ந்தது. இரண்டும் வாசற் பெயர்ப்பலகையில் எழுதப்பட்டிருந்தன! எதிரிலிருந்த தேநீர்க் கடையில் இளைஞர்கள் சங்கத்தின் செலவில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தனர். இது வெறும் செலவுப் பிரச்சினை அன்று. உள்வலைக்குள் நுழைந்தவர் நம் அச்சுப்பொறியையும் பகிர்ந்து வைத்துள்ள கோப்புகளையும் எட்ட வழி பிறக்கிறது. அந்த இணைப்பின் வழியே எவரேனும் குற்றச்செயல் புரிந்தால், முதல் விசாரணை இணைப்பு எவர் பெயரில் உள்ளதோ அவரிடமே வரும். அங்கத்தினருக்கும் விருந்தினருக்கும் இணைப்புத் தர விரும்பினால், பெரும்பாலான ரவுட்டர்களில் 'கெஸ்ட்' என்னும் தனி வலையை அமைக்கும் வசதி உண்டு. அது புறவலைக்கு வழிவிடும், உள்வலைக்கு வழிவிடாது.

வைஃபைக் கடவுச்சொல் வேறு, ரவுட்டரின் அமைப்பை மாற்றுவதற்கான கடவுச்சொல் வேறு. பின்னது 'அட்மின்' என்று தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே பல இடங்களில் கிடக்கிறது. இரண்டையும் மாற்றி, தாளில் எழுதி, உறையிலிட்டு முத்திரையிட்டுச் சங்கப் பெட்டகத்தில் வைக்கலாம். பணியாளர் மாறும்போது பெட்டகச் சாவியோடு இதனையும் ஒப்படைப்புப் பட்டியலிற் சேர்த்து, அன்றே கடவுச்சொல்லையும் மாற்றுதல் முறை. மேலும் ஒன்று: இப்பூட்டு நம் கருவிக்கும் ரவுட்டருக்கும் இடைப்பட்ட காற்றுக்கு மட்டுமே. அதற்கு அப்பாலுள்ள நெடுவழிக்குப் பாதுகாப்பு வேண்டுமாயின், நாம் திறக்கும் தளத்தின் முகவரி எச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வாறு தொடங்குவது வழியிற் பாதுகாப்பு உண்டென்பதை மட்டுமே காட்டும். தளத்தை நடத்துபவர் நேர்மையானவர் என்பதற்கு அது சான்றாகாது. பெயரையும் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்ளுதல் வேண்டும்.

பழுதைத் தேடும் வரிசை

தொடர்பு நின்றவுடன் எல்லாவற்றையும் அணைத்து மீண்டும் போடுவது நம்மவர் வழக்கம். சில வேளை பயன் தரும், ஆனால் காரணம் தெரியாமற் போகும். நெசவில் இழை அறுந்தால் தறியைக் கழற்றுவதில்லை. எவ்விடத்தில் அறுந்ததென்று பார்க்கிறோம். அதுபோல், அருகிலிருந்து தொலைவு நோக்கிச் செல்லுதல் வேண்டும்.

முதற்கண், ஒரு கணினியில் மட்டும் நின்றதா, எல்லாவற்றிலுமா என்று காண்க. ஒன்றில் மட்டும் எனில் குறை அக்கணினியிலோ அதன் கம்பியிலோதான். கம்பி நுழையும் துளையின் சிறுவிளக்கு எரிகிறதா என்று பார்த்து, எரியாவிடில் கம்பியைப் பிடுங்கி வேறு துளையில் மாட்டுக. எல்லாவற்றிலும் நின்றிருந்தால் சுவிட்ச், ரவுட்டர், ஒளியிழைப் பெட்டி ஆகியவற்றின் விளக்குகளைக் காண்க. ஒளியிழைப் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று குறித்த விளக்கு சிவப்பாக எரிந்தால் அல்லது மின்னினால், வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்பது பொருள். சாலை தோண்டியபோது இழை அறுந்திருக்கலாம். நம் முனையில் இழை மடங்கியும் இருக்கலாம். அப்போது லைன்காரரைக் கூப்பிட நமக்கு முழு உரிமை உண்டு.

விளக்குகள் யாவும் சரியாயிருந்தும் தொடர்பு இல்லையெனில், 'பிங்' என்னும் கட்டளை உதவும். கிணற்றுக்குள் குரல் கொடுத்து எதிரொலி வருகிறதா என்று பார்ப்பதை ஒத்தது அது. முதலில் ரவுட்டரின் முகவரிக்குக் குரல் கொடுக்க வேண்டும். அது பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். பதில் வந்தால் உள்வலை நலம். பின்னர் 8.8.8.8 என்னும் கூகுள் நிறுவனத்தின் பொது முகவரிக்குக் குரல் கொடுக்க வேண்டும். பதில் வந்தால் புறவலையும் நலம். இரண்டும் நலமாயிருந்து, பெயரிட்டு அழைக்கும் தளங்கள் மட்டும் திறவாவிடில், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். என்னும் பெயர்ப்பட்டியலில் குறை. மற்றத் தளங்கள் யாவும் திறந்து, நம் கணக்குத் தளம் மட்டும் திறவாவிடில், குறை அந்தச் சர்வரின் பக்கமே. அப்போது அங்கத்தினரை நாள் முழுதும் காக்கவைக்காமல், கைப்பட விண்ணப்பம் பெற்று ஒப்புகை கொடுத்தனுப்புவது நன்று. இவ்வளவும் செய்து முடிக்கப் பத்து நிமிடம் போதும்.

சுவிட்சின் செருகிமேல் 'கழற்றாதீர்' என்று சீட்டு ஒட்டுக. ஒவ்வொரு கம்பியின் இருமுனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டுக. இணைப்பு எண், லைன்காரரின் தொலைபேசி எண், ரவுட்டரின் முகவரி ஆகியன கொண்ட ஓர் அட்டை ரவுட்டருக்கு அருகில் தொங்கட்டும். கடவுச்சொல் அதில் வேண்டா. தொடர்பு நின்ற நாள், நேரம், கண்ட காரணம், மீண்ட நேரம் ஆகியவற்றை எழுத நாற்பது பக்க நோட்டு ஒன்று போதுமானது. கட்டணத் தள்ளுபடி கேட்கவோ லைன்காரரை மாற்றவோ நிர்வாகக் குழு முற்படும்போது, கையில் இருக்க வேண்டிய ஆவணம் அதுவே. அடுத்த ஆய்வின்போது ரொக்கப் புத்தகத்தோடு அந்த நோட்டையும் எடுத்து வைக்குமாறு அன்று அந்த எழுத்தரிடம் சொல்லிவிட்டு வந்தேன். பிடுங்கப்பட்ட செருகியை முதற் பதிவாக அவரே என் முன் எழுதினார்.